ஓவர்ஹால் முடித்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் ஆர்பிஎம் எகிறுகிறது

வில்லுக்குறி_வாத்தியார்
சனி, இரவு 9.12

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வண்டி 2007 மாடல், கொரியக் கம்பெனியின் பெரிய செடான், 2.4 லிட்டர் பெட்ரோல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். 1,34,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான் மூன்றாவது கை. வைகாசியில் ஒருநாள் டி (முன்னே போகும் நிலை) போட்டால் வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் இரைந்தது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தால் தீய்ந்த வாடை. நாகர்கோவிலில் ஒரு வொர்க்ஷாப்பில் (பெயர் வேண்டாம்) கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட் செட், சீல் கிட் எல்லாம் புதிதாகப் போட்டு 74,000 ரூபாய்க்கு, ஆறு மாத வாரண்டி எழுதி, பில் கொடுத்தார்கள்.

வண்டியை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் முதல் தடவை டி போட்டால் மூன்று நான்கு விநாடிக்கு ஒன்றும் நடக்காது, அப்புறம் டொம்மென்று விழும். ஆர் (ரிவர்ஸ்) போட்டாலும் அதே தாமதம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது யாரோ பின்னாலிருந்து இடித்த மாதிரி ஒரு குத்து. இரண்டிலிருந்து மூன்றுக்கு நேர் எதிர்: 2,200-இல் இருந்த ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று) 2,900 வரை எகிறிவிட்டுத்தான் பிடிக்கிறது. சுங்கான்கடை ஏற்றத்தில் வீட்டுக்காரி "என்ன, நியூட்ரல்ல விட்டுட்டியளா?" என்று கேட்கிறாள்.

வொர்க்ஷாப்பில் கேட்டால், "புதுப் பிளேட்டு சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிரும்" என்கிறார்கள். 900 ஓடியாயிற்று. செட் ஆகிறதா, இல்லை புதுப் பிளேட்டும் தீய்கிறதா என்றுதான் பயம்.

தக்கலை_தம்பி
சனி, இரவு 9.40

சோலனாய்டு சார், எண்ணெயைத் திறந்து மூடுற மின் வால்வு. சந்தேகமே இல்லை. செட்டா மாத்திருங்க. சென்னை புதுப்பேட்டையில பழசு கிடைக்கும், பார்சல் போட்டு விடுவாங்க.

குளச்சல்_காற்று
சனி, இரவு 10.05

அவசரப்படாதீங்க. எனக்கு இதே மாதிரி கியர் மாறாமல் அடம்பிடித்தபோது சோலனாய்டு மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் கியர்பாக்ஸ் மேலே உள்ள வயர் சாக்கெட்டில் பச்சைக் களிம்பு. நம் கடற்கரை உப்புக்காற்று அப்படி. பித்தளைப் பின்னை ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்தேன், செலவு முன்னூறு ரூபாய்க்குள். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

குழித்துறை_கியர்
ஞாயிறு, காலை 7.20

சாரே, நான் ஷார்ஜாவில் பதினேழு வருஷம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பிரித்து மாட்டியவன். இப்போது ஊரில் சும்மா இருக்கிறேன், அதனால்தான் ஞாயிறு காலையில் சாயா குடிக்கும் முன்னே இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரே நோய் என்று நினைக்காதீர்கள். மூன்றுக்கும் மூன்று காரணம் இருக்கலாம், இரண்டு ஒன்றையொன்று மறைக்கலாம். புதிதாகச் செய்த கியர்பாக்ஸில் எப்போதும் இப்படித்தான். பழைய வண்டி தானாகக் கெட்டால் அனேகமாக ஒரு இடம்தான் கெடும். மனிதன் கைவைத்த வண்டியில் அவன் கை பட்ட இடமெல்லாம் சந்தேகம்.

நான்கு கேள்வி. எண்ணெய் அளவை யார், எப்படிப் பார்த்தார்கள்? இன்ஜின் ஓடும்போதா, நிறுத்தியா? பில்லில் என்ன எண்ணெய் என்று எழுதியிருக்கிறது? வேலை முடிந்தபின் ஸ்கேனர் மாட்டிப் பழைய அடாப்டேஷனை (கம்ப்யூட்டர் படித்து வைத்த கியர் மாற்றும் கணக்கை) அழித்தார்களா? ஆர்பிஎம் எகிறுவது வண்டி குளிர்ந்திருக்கும்போது அதிகமா, சூடானபின் அதிகமா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு அவசரமாகப் பதில் எழுத வேண்டாம். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தக்கலை_தம்பி
ஞாயிறு, காலை 9.02

எண்ணெய்ல என்ன அண்ணே இருக்கு, எல்லாம் செவப்புதானே. எங்க கடையில எல்லா வண்டிக்கும் ஒரே டப்பாதான் ஊத்துறாங்க.

குழித்துறை_கியர்
ஞாயிறு, காலை 9.30

சிவப்பு என்பது சாயம், தம்பி. ஒழுகினால் இன்ஜின் எண்ணெயா, கியர் எண்ணெயா என்று தெரிவதற்குப் போடுவது. உள்ளே கலக்கும் உராய்வு மருந்துதான் விஷயம். பிளேட்டும் ஸ்டீலும் நெருங்கும்போது எவ்வளவு வழுக்கவேண்டும், எந்த இடத்தில் கவ்வவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இந்தக் குடும்பக் கியர்பாக்ஸுக்கு எஸ்பி-3 தரம்தான் கையேட்டில் உள்ளது. டெக்ஸ்ரான் 3 என்ற வேறு தரம் ஊற்றினாலும் ஓடும், மறுப்பதற்கில்லை. ஆனால் மாறும் குணம் வேறாக இருக்கும், லாக்கப் (இன்ஜினையும் பெட்டியையும் நேராகப் பூட்டும் கிளட்ச்) பிடிக்கும்போது நடுங்கும். அதை வைத்துக்கொண்டு நோய் தேடினால் நாம் தேடுவது எண்ணெயின் நோயா, பெட்டியின் நோயா என்று தெரியாது.

சாயா வந்தாச்சு. போய்வருகிறேன்.

வில்லுக்குறி_வாத்தியார்
செவ்வாய், இரவு 8.45

அண்ணே, பதில்கள் இதோ.

பில்லில் டெக்ஸ்ரான் 3 என்றுதான் இருக்கிறது. ஸ்கேனர் மாட்டவில்லை, "பேட்டரி கழற்றி மாட்டினோம், அது போதும்" என்றார்கள். எண்ணெய் அளவை எனக்கு முன்னால்தான் பார்த்தார்கள், இன்ஜினை நிறுத்திவிட்டு. டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை இருந்தது, நானும் கண்ணால் பார்த்தேன்.

எகிறுவது சூடான பிறகுதான். காலையில் வில்லுக்குறியிலிருந்து பள்ளிக்கூடம் போகும்வரை சுத்தமாக இல்லை. சாயங்காலம் நாகர்கோவில் போய் பார்வதிபுரம் பாலத்தடியில் நெரிசலில் நின்று திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் எகிறுகிறது. குளச்சல் நண்பர் சொன்ன சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன், பளபளவென்று இருக்கிறது.

குழித்துறை_கியர்
செவ்வாய், இரவு 9.30

இன்ஜினை நிறுத்திப் பார்த்ததாகச் சொன்னீர்களே, பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும். மேலே சுற்றிக்கொண்டிருந்த எண்ணெய் எல்லாம் கீழே தட்டில் வந்து சேரும், அப்போது டிப்ஸ்டிக் மேல் கோடு காட்டத்தான் செய்யும். ஓட விட்டால் கீழே இறங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும். காலைத் தாமதத்துக்கு அது ஒன்றே போதும். டி, ஆர் இரண்டிலும் தாமதம் என்றீர்கள். ஒரு கிளட்சு கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றில்தான் தாமதம் வரும். இரண்டிலும் என்றால் முதல் சந்தேகம் எண்ணெய் வரத்துதான்.

பார்க்கும் முறை இது. பதினைந்து கிலோமீட்டராவது ஓட்டி எண்ணெயை 70–80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் மெதுவாக ஒரு சுற்று கொண்டுபோய்த் திரும்ப என்-னில் விடுங்கள். பிறகு டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி சொருகி எடுங்கள். ஹாட் என்று குறித்த இடத்துக்குள் இருக்கவேண்டும். மேலே போகவும் கூடாது. அதிகமானால் பல்சக்கரம் அடித்து நுரை வரும், நுரையும் காற்றுதான்.

எண்ணெய் மாற்றுவதற்கு மெஷின் வேண்டாம். கீழே போல்ட்டைத் திறந்தால் மொத்த எண்ணெயும் வராது, கன்வெர்ட்டரில் (இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெயால் இயங்கும் பகுதி) தங்கிவிடும். பாதி வருகிறது என்று வையுங்கள். வந்த அளவை அளந்து அதே அளவு எஸ்பி-3 ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி திறங்கள். மூன்று தடவை செய்தால் பழையது எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கணக்கு சார் பாடம்தானே?

அப்புறம் ஸ்கேனர் உள்ள யாரையாவது பிடித்து அடாப்டேஷன் அழியுங்கள். தேய்ந்த பழைய பிளேட்டுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்று கம்ப்யூட்டர் படித்து வைத்திருந்தது. புதுப் பிளேட்டுக்கும் அதையே கொடுத்தால் ஒன்று-இரண்டில் குத்துத்தான் வரும். பேட்டரி கழற்றினால் போகும் என்று எல்லா வண்டியிலும் சொல்ல முடியாது.

தோவாளை_ஸ்கேனர்
புதன், காலை 6.50

ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது சார். சனிக்கிழமை மதியம் வருகிறேன். ஒரு சாயாவும் ஏத்தங்காய் பஜ்ஜியும் போதும்.

இன்னொன்று, கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பரையும் பாருங்கள். பிரேக்கை மிதித்து டி, ஆர் மாற்றிப் போடும்போது பானெட்டைத் திறந்து ஒருவர் நின்று பார்த்தால் தெரியும், இன்ஜின் எழும்பிக் குதித்தால் மவுண்ட் போச்சு. என் வண்டிக்கு அந்த மவுண்ட் வேண்டி மார்த்தாண்டம் முழுக்க அலைந்தேன். ரப்பர் விளைகிற ஊரில் ஒரு ரப்பர் மவுண்ட் கிடைக்கவில்லை.

வில்லுக்குறி_வாத்தியார்
ஞாயிறு, இரவு 7.30

நேற்றும் இன்றும் நடந்ததைச் சொல்கிறேன்.

இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது எண்ணெய் டிப்ஸ்டிக்கின் நுனியில்தான் ஒட்டியது. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை, நிறுத்திப் பார்த்தேன், மேல் கோடு! மூன்று தடவை மாற்றி ஊற்றியாயிற்று, அளவும் சரி. தோவாளை நண்பர் வந்து அடாப்டேஷன் அழித்துக் கொடுத்தார். அவர் சொன்னபடி ஆரல்வாய்மொழிப் பக்கம் காலியான ரோட்டில், ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்து நின்ற இடத்திலிருந்து நான்காம் கியர் வரை போய், மெதுவாக நிறுத்தி, மறுபடி என்று பத்துத் தடவை ஓட்டினோம். காற்றாலைகளுக்குக் கீழே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆடு மேய்க்கிற பாட்டா, கடைசியில், "எதையாவது தொலைச்சிட்டியளா?" என்று கேட்டுவிட்டார்.

பலன்: இன்று காலை டி போட்டவுடன் விழுந்தது. ஒன்று-இரண்டு குத்து போயே போய்விட்டது. மவுண்டும் நன்றாக இருக்கிறது.

ஆனால் இரண்டு-மூன்று அப்படியேதான் எகிறுகிறது. சூடானபின். ஸ்கேனரில் பி0733 என்று பெண்டிங்கில் ஒரு பிழைக் குறியீடு நிற்கிறது.

தக்கலை_தம்பி
ஞாயிறு, இரவு 7.41

நான் சொன்னேன்ல, சோலனாய்டு.

குழித்துறை_கியர்
ஞாயிறு, இரவு 9.15

இருக்கலாம் தம்பி, இல்லாமலும் இருக்கலாம். பார்த்துவிட்டுச் சொல்வோம்.

சாரே, பி0733 என்றால் மூன்றாம் கியர் விகிதம் சரியில்லை என்று பொருள். குறியீடு காரணத்தைச் சொல்லாது, நடந்ததை மட்டும் சொல்லும். கன்வெர்ட்டரிலிருந்து பெட்டிக்குள் வருகிற டர்பைன் வேகத்தையும் வெளியே போகிற வேகத்தையும் கம்ப்யூட்டர் வகுத்துப் பார்க்கிறது. உங்கள் பெட்டியில் மூன்றாம் கியர் நேர் கியர், இரண்டும் சமமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குறியீடு.

இப்போது உள்ளே யார் யார் பிடிக்கிறார்கள் என்று பார்ப்போம். வகுப்பில் பெஞ்சைத் தூக்க இரண்டு பையன்கள் வேண்டும் இல்லையா, அதுபோல இந்தப் பெட்டியில் ஒவ்வொரு கியருக்கும் இரண்டு பேர், அதாவது இரண்டு கிளட்ச். ஒன்றில் அண்டர்டிரைவும் லோ-ரிவர்ஸும். இரண்டில் அண்டர்டிரைவும் செகண்டும். மூன்றில் அண்டர்டிரைவும் ஓவர்டிரைவும். நான்கில் ஓவர்டிரைவும் செகண்டும். பின்னால் போக ரிவர்ஸும் லோ-ரிவர்ஸும்.

கியர் மாறும்போது ஒருவன் கைவிடுவான், இன்னொருவன் பிடிப்பான். மற்றவன் பிடித்தபடியே இருப்பான். இரண்டு-மூன்றில் செகண்ட் கைவிடுகிறது, ஓவர்டிரைவ் பிடிக்கவேண்டும். பிடிக்கத் தாமதமானால் இன்ஜினுக்குச் சுமையில்லாமல் ஆர்பிஎம் எகிறும். முன்கூட்டியே பிடித்தால் இரண்டும் சண்டை போட்டுக் குத்தும்.

எகிறுவது ஒரே மாற்றத்தில் என்பதால், நாம் தேடுகிற ஆள் ஓவர்டிரைவ். ஆனால் உறுதிப்படுத்த இரண்டு சோதனை உண்டு, பைசா செலவில்லை. நான்காம் கியரில் போகும்போது சற்று மிதித்து மூன்றுக்கு இறக்கிப் பாருங்கள். அப்போது பிடிக்கவேண்டியது அண்டர்டிரைவ், ஓவர்டிரைவ் ஏற்கெனவே பிடித்திருக்கிறது. அந்த மாற்றம் சுத்தமாக இருந்தால் அண்டர்டிரைவ் குற்றமற்றவன். இரண்டாவது, சூடானபின் நான்கில் ஏற்றத்தில் லேசாக நழுவுகிறதா என்று ஸ்கேனரில் டர்பைன் வேகத்தைப் பாருங்கள்.

சூட்டில் மட்டும் வருவது பெரிய துப்பு. எண்ணெய் சூட்டில் தண்ணீராகிவிடும், எந்தச் சந்து இருந்தாலும் ஒழுகும். குளிரில் கெட்டியாக இருப்பதால் அதே சந்தை அடைத்துக்கொள்ளும். குளிரில் மோசம், சூட்டில் சரி என்றால் இறுகிய ரப்பர் சீல், ஒட்டிக்கொள்ளும் வால்வ் என்று யோசிப்பேன். உங்களுடையது ஒழுக்கு.

வில்லுக்குறி_வாத்தியார்
புதன், இரவு 8.10

நான்கு-மூன்று வெண்ணெய் மாதிரி மாறுகிறது. தோட்டியோடு பக்கம் நான்கில் கெட்டியாக மிதித்தால் டர்பைன் வேகம் லேசாக மேலே போய் வருகிறது. காலால் உணர முடியவில்லை, திரையில்தான் தெரிகிறது.

சோலனாய்டு நான்கின் ஓமையும் சூட்டிலேயே அளந்தோம். எல்லாம் 3 ஓம் பக்கத்தில், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை.

தக்கலை_தம்பி
புதன், இரவு 8.30

ஓம் சரியா இருந்தாலும் உள்ளே ஊசி ஒட்டிக்கிடலாம்ல?

குழித்துறை_கியர்
புதன், இரவு 9.00

சபாஷ். இது நல்ல கேள்வி. ஒட்டலாம். சுருள் நன்றாக இருந்தும் துவாரத்தில் கிளட்சுத் தூள் அடைத்த சோலனாய்டு நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதனால்தான் எண்ணெய் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டுவோம்.

இந்தப் பெட்டியில் ஒரு வசதி: ஒவ்வொரு கிளட்சுக்கும் வெளியே தனித்தனி அழுத்தத் துளை வைத்திருக்கிறான், போல்ட்டால் அடைத்திருக்கும். என்னிடம் கேஜும் அதற்கான அடாப்டரும் இருக்கிறது. முன் சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சோலனாய்டு சாக்கெட்டையும் கழற்றிவிட்டால், டி-யில் பெட்டி மூன்றாம் கியரிலேயே நிற்கும். வயர் அறுந்தாலும் வீடு போய்ச் சேரட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. அப்போது எலெக்ட்ரிக் பேச்சுக்கே இடமில்லை, சோலனாய்டுக்கு மின்சாரமே போகாது. அண்டர்டிரைவிலும் ஓவர்டிரைவிலும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம் காட்டவேண்டும்.

ஸ்டாண்டில் சக்கரம் சுற்றும்போது யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கேஜை நீளக் குழாயில் வெளியே கொண்டுவருவோம். வெள்ளிக்கிழமை லீவு போடுவீர்களா?

வில்லுக்குறி_வாத்தியார்
வெள்ளி, இரவு 10.20

அண்ணன் குழித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டார், ஒரு கித்தான் பையில் கேஜைச் சுற்றிக்கொண்டு. அறுபது வயதுக்காரர், கையில் கிரீஸ் படாத நகமே இல்லை.

வண்டி குளிர்ந்திருந்தபோது அண்டர்டிரைவ், ஓவர்டிரைவ் இரண்டிலும் 8 கிலோ அழுத்தம். அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அதே 2,500 ஆர்பிஎம்மில் பார்த்தோம். அண்டர்டிரைவ் 8-இலேயே நின்றது. ஓவர்டிரைவ் ஊசி ஐந்தரைக்கு இறங்கி, அங்கே நின்று துடித்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஊசியை ஒரு தட்டு தட்டினார், மறுபடி பார்த்தார், "பின் மூடி" என்றார். அவ்வளவுதான்.

முழுவதையும் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

குழித்துறை_கியர்
சனி, காலை 7.00

மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இந்தப் பெட்டியில் ரிவர்ஸும் ஓவர்டிரைவும் ஒரே டிரம்மில் இருக்கும். அதற்கு எண்ணெய் பின் மூடி வழியாகப் போகிறது. மூடியின் தண்டில் வளையம் வளையமாக சீல் ரிங் இருக்கும். சுற்றுகிற டிரம்முக்கும் சுற்றாத மூடிக்கும் நடுவே எண்ணெயை அடைப்பது அதுதான். மூடியை மாட்டும்போது ரிங் பள்ளத்தைவிட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் டிரம் வாயில் மாட்டி நறுக்கிவிடும். மாட்டுபவருக்குத் தெரியவே தெரியாது, போல்ட் முறுக்கினால் மூடி உட்கார்ந்துவிடும். இதற்காகத்தான் ரிங்கை வாசலின் தடவிப் பள்ளத்தில் ஒட்டவைத்து இறக்குவோம். சாதாரண கிரீஸ் வேண்டாம், அது எண்ணெயில் கரையாமல் போய் வால்வில் உட்காரும்.

நல்ல செய்தி: பெட்டி முழுவதையும் இறக்க வேண்டாம். இடது சக்கரத்தைக் கழற்றி, பெட்டியை ஜாக்கியில் தாங்கி, மவுண்ட்டை எடுத்தால் பின் மூடிக்குக் கை போகும். கிளட்சை அழுத்தும் பிஸ்டனின் லிப் சீலாகவும் இருக்கலாம், அதனால் திறந்ததும் டிரம்முக்குக் காற்று கொடுத்துப் பாருங்கள். 3 கிலோ போதும். டப்பென்று பிடித்து நின்றால் சீல் நல்லது. புஸ்ஸென்று போனால் அதையும் பிரியுங்கள்.

சாரே, வொர்க்ஷாப்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பில்லில் ஆறு மாத வாரண்டி எழுதியிருக்கிறது என்றீர்கள். வீடியோவைக் காட்டுங்கள். வேலை தெரிந்தவன் என்றால் கேஜைப் பார்த்ததும் அவனுக்கே புரியும்.

வில்லுக்குறி_வாத்தியார்
அடுத்த வியாழன், இரவு 9.50

தாமதத்துக்கு மன்னிக்கவும், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

வொர்க்ஷாப் முதலாளி முதலில் "கேஜ் எல்லாம் நாங்க நம்புறதில்ல சார்" என்றார். வீடியோவை இரண்டாவது தடவை ஓட்டிக் காட்டியபோது உள்ளேயிருந்து மெக்கானிக் பையனைக் கூப்பிட்டார். அந்தப் பையன் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணாச்சி, மூடி போடும்போது கொஞ்சம் டைட்டாத்தான் எறங்கிச்சு" என்றான். அதற்கப்புறம் வாதமில்லை.

நேற்று திறந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். ரிங்குகளில் ஒன்று, அதன் ஓரத்தில் நகம் வெட்டிப்போட்டது போல ஒரு பிறைத்துண்டு காணோம். அந்தத் துண்டு தட்டிலுள்ள காந்தத்தில் ஒட்டுமா என்று தேடினேன், பையன் சிரித்துவிட்டு, "அது பிளாஸ்டிக் சார்" என்றான். கடைசியில் மூடியின் மூலையிலேயே கிடந்தது. டிரம் உள்வாயில் கீறல் இல்லை. காற்றுச் சோதனையில் டப்பென்று பிடித்தது. கழற்றிய ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) அதே இடத்தில் வைத்தார்களா என்று அண்ணன் போனில் மூன்று தடவை கேட்டார். வைத்தார்கள்.

புது ரிங்கும் எண்ணெயும் மட்டும் என் செலவு, கூலி வாங்கவில்லை. இன்று சாயங்காலம் நாகர்கோவில் போய், வேண்டுமென்றே நெரிசலில் நின்று சூடாக்கி, திரும்பிவந்தேன். சுங்கான்கடை ஏற்றத்தில் 2,200, அப்புறம் 1,500, நடுவில் ஒன்றுமில்லை. வீட்டுக்காரி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

தோவாளை_ஸ்கேனர்
அடுத்த வியாழன், இரவு 10.05

பி0733 அழித்தீர்களா? இல்லையென்றால் ஞாயிறு வருகிறேன். ஏத்தங்காய் பஜ்ஜி நன்றாக இருந்தது.

தக்கலை_தம்பி
அடுத்த வியாழன், இரவு 10.30

சார், வாழ்த்துகள். குழித்துறை அண்ணே, என் மாமா வண்டியும் ஆட்டோமேட்டிக்தான், ஏற்றத்துல ஆர்பிஎம் எகிறுது. சோலனாய்டு ஆர்டர் போட்டுட்டேன்.

குழித்துறை_கியர்
வெள்ளி, காலை 7.05

ஆர்டரைக் கேன்சல் பண்ணு. குளிரிலா, சூட்டிலா?

குளச்சல்_காற்று
வெள்ளி, காலை 7.30

அண்ணே, அந்தக் கேஜ் அடுத்த வாரம் எனக்கு வேண்டும். மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

குழித்துறை_கியர்
வெள்ளி, காலை 7.45

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வா. பையையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.